லிமிட் போட்டால் லாபமா, லிமிட் இல்லாவிட்டால் லாபமா?

சமையல் குறிப்பு கேட்டும், சம்பளக் கணக்கு கேட்டும், மாமியார் மருமகள் வழக்குக்குத் தீர்ப்புக் கேட்டும் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சீட்டாட்டத்தைப் பற்றிக் கேட்டு ஒரு சகோதரி எழுதுவது இதுதான் முதல் தடவை. மயிலாப்பூரிலிருந்து வந்திருக்கிறது கடிதம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நியாயந்தானே?

விஷயம் இதுதான். அவருடைய பிள்ளை நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு குழந்தையும் உண்டு. முன்பெல்லாம் ராத்திரி போர்வைக்குள் டெலிபோனை வைத்துக்கொண்டு ரம்மி ஆடுவானாம். 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, காசு கட்டி டெலிபோனில் ஆடும் ஆட்டங்களை அடியோடு தடுத்துவிட்டது. "அப்பாடா!" என்று அந்தத் தாயார் மூச்சு விட்டார். ஆனால் பிள்ளையாண்டான் சும்மா இருக்கவில்லை. அடையாறில் சிநேகிதர்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் 'போக்கர்' என்ற சீட்டாட்டத்துக்குப் போக ஆரம்பித்தான். அது 'லிமிட்' வைத்து ஆடும் ஆட்டம். ஐந்தாறு மாதமாக ஆடியும் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை.

இப்போது அவன் அம்மாவிடம் வந்து சொல்கிறானாம்: "அம்மா, லிமிட் ஆட்டத்தில் எத்தனை சாமர்த்தியம் இருந்தாலும் காசு பார்க்க முடியாது. தியாகராய நகரில் ஒரு வீட்டில் லிமிட் இல்லாத ஆட்டம் நடக்கிறது. அதில் உட்கார்ந்தால் மாதா மாதம் சம்பாதிக்கலாம். பாங்கியில் உன் பெயரில் போட்டிருக்கிற டெபாசிட் 2 லட்சத்தை எடுத்துக் கொடு. ஆறே மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன். அங்கே ராஜ உபசாரம். பிரியாணிகூட இலவசம்!"

"அவன் சொல்வது நிஜமா? லிமிட் இல்லாத ஆட்டத்தில் லாபம் ஜாஸ்தியா? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். வெறுமே சூதாட்டம் கெடுதல் என்று நான் சொன்னால் அவன் சிரிக்கிறான்" என்று கேட்கிறார் சகோதரி.

கணக்குத்தானே? போட்டுவிடுவோம். நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியாத கணக்கா?

முதலில் நமக்குத் தெரிந்த ரம்மியிலிருந்து தொடங்கலாம். பதின்மூன்று சீட்டு ரம்மியில் ஒரு ஆட்டத்தில் எத்தனை மோசமாகத் தோற்றாலும் 80 பாயிண்டுதான். அதற்குமேல் இல்லை. கை சரியில்லை என்று முதலிலேயே கவிழ்த்துவிட்டால், அதாவது 'ஸ்கூட்' விட்டால், 20 பாயிண்டோடு போயிற்று. பாயிண்டுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் ஒரு ஆட்டத்தின் அதிகபட்ச நஷ்டம் 80 ரூபாய். இதுதான் லிமிட் ஆட்டம். 'மூணு சீட்டு' அப்படியல்ல. ஒருவர் பத்து வைத்தால் இன்னொருவர் இருபது வைப்பார். அது நாற்பதாகும், எண்பதாகும். எங்கே நிற்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். இது லிமிட் இல்லாத ஆட்டம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் ஒரே ராத்திரியில் பார்த்திருக்கிறேன். 1974-ம் வருஷம். மாம்பலத்தில் ஒரு கல்யாணம். ஜானவாசம் முடிந்து, சாப்பாடும் ஆகி, சத்திரத்து மாடியில் ஜமக்காளம் விரித்துச் சீட்டுக் கச்சேரி ஆரம்பமாயிற்று. என் மாமாவும் உட்கார்ந்தார். பாயிண்டுக்குப் பத்துப் பைசா ரம்மி. ஃபுல் கவுண்ட் வாங்கினாலும் எட்டு ரூபாய்தான் போகும். நாலு மணி நேரம் ஆடி, ஆறு ரூபாய் தோற்றிருந்தார். வெற்றிலையும் வேடிக்கைப் பேச்சுமாக ஒரே குதூகலம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒரு மகானுபாவர், "ரம்மி அலுத்துவிட்டது ஓய், மூணு சீட்டுப் போடுவோம்" என்றார். அவ்வளவுதான்! பொழுது விடிவதற்குள் மாமாவின் ஜேபியிலிருந்த 300 ரூபாயும் காலி. அது அவர் பணம் அல்ல. காலையில் நாதஸ்வரக்காரருக்குக் கொடுப்பதற்காகப் பெண்ணின் தகப்பனார் அவரிடம் நம்பிக் கொடுத்து வைத்திருந்த பணம். மாமியின் ஒற்றை வளையல் அன்று காலை அடகுக் கடைக்குப் போயிற்று. மாங்கல்ய தாரணத்தின்போது கெட்டி மேளம் முழங்கியது. மாமி புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டு நின்றாள்.

அதே மனிதர், அதே சீட்டு, அதே சிநேகிதர்கள். லிமிட் ஒன்றுதான் போயிற்று.

இப்போது போக்கருக்கு வருவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாகக் கொடுப்பார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகளைச் சிறிது சிறிதாகத் திறப்பார்கள். இதற்கு இடையே நான்கு சுற்று காசு கட்ட வேண்டும். 10-20 லிமிட் ஆட்டம் என்றால், முதல் இரண்டு சுற்றில் ஒரு தடவைக்கு 10 ரூபாய், கடைசி இரண்டு சுற்றில் 20 ரூபாய். ஒவ்வொரு சுற்றிலும் நாலு தடவைக்குமேல் ஏற்றக் கூடாது என்பது வழக்கம். ஆக, 40, 40, 80, 80. கூட்டிப் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் ஒருவர் இழக்கக்கூடியது 240 ரூபாய்தான். லிமிட் இல்லாத மேஜையில், அதே சில்லறை ஆட்டத்துக்கு 1000 ரூபாய் வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கம். எந்த நிமிஷத்திலும் அந்த ஆயிரத்தையும் மொத்தமாக நடுவில் தள்ளலாம்!

லாபம் எங்கே ஜாஸ்தி? பிள்ளை சொன்னது பொய்யல்ல, சகோதரி. கெட்டிக்கார ஆட்டக்காரனுக்கு லிமிட் இல்லாத ஆட்டத்தில்தான் வருமானம் ஜாஸ்தி. ஏன் என்று ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன்.

நாலு ஆட்டீன் சீட்டு ஒருவருக்குச் சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது ஆட்டீன் வந்தால் ஜெயம். இன்னும் ஒரே ஒரு சீட்டுத்தான் பாக்கி. அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46. அவற்றில் ஆட்டீன் 9. ஏறக்குறைய ஐந்து தடவைக்கு ஒரு தடவை வரும். நடுவில் 60 ரூபாய் இருக்கிறது. லிமிட் ஆட்டத்தில் எதிராளி 20 ரூபாய்தான் கட்ட முடியும். அதோடு சேர்த்து நடுவில் 80. நம்மவர் 20 கட்டிப் பார்க்கிறார். ஐந்து தடவை இப்படிச் செய்தால், நாலு தடவை இருபது இருபதாக 80 போகும். ஒரு தடவை 80 வரும். சரிக்குச் சரி! அசட்டுத்தனமாகக் கட்டினாலும் பெரிய அபராதம் இல்லை.

லிமிட் இல்லாத ஆட்டத்தில் எதிராளி கெட்டிக்காரனாக இருந்தால் 20 கட்ட மாட்டான், 60 கட்டுவான். இப்போது நடுவில் 120. நம்மவர் ஆசை தாளாமல் 60 கட்டிப் பார்க்கிறார். ஐந்து தடவையில் நாலு தடவை தோற்று 240 போகும். ஒரு தடவை 120 வரும். மிச்சம் 120 ரூபாய் நஷ்டம். தடவைக்கு 24 ரூபாய்! அந்த 24 ரூபாய் ஆகாயத்தில் பறந்து போகவில்லை. எதிராளியின் சட்டைப் பைக்குப் போயிற்று. அவனுடைய 'லாபம்' என்பது அதுதான்.

ரேஷன் கடைக்கும் பாண்டி பஜார் நடைபாதைப் பேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. ரேஷன் கடையில் விலை சர்க்கார் வைத்தது. சமர்த்துக்கும் அசடுக்கும் ஒரே விலை. பாண்டி பஜாரில் விலை தெரிந்தவள் பாதி விலைக்கு வாங்கி வருவாள், தெரியாதவள் இரட்டை விலை கொடுத்துவிட்டு, "ரொம்ப மலிவு!" என்று சந்தோஷமாக வருவாள். லிமிட்டை எடுத்துவிட்டால் சமர்த்தனுக்கு லாபம் பெருகும். அதே அளவுக்கு அசடனுக்கு நஷ்டமும் பெருகும். மேஜையில் புதிதாகப் பணம் விளைவதில்லை. ஒருவர் கொண்டு போனது இன்னொருவர் கொண்டு வந்ததுதான்.

இதை யந்திரங்களே நிரூபித்துவிட்டன. 2015-ம் வருஷம் கானடாவில் ஆல்பர்ட்டா சர்வகலாசாலைக்காரர்கள், இரண்டு பேர் ஆடும் லிமிட் போக்கருக்கு முழு விடையையும் கம்ப்யூட்டரைக் கொண்டு கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அதன்படி பிசகில்லாமல் ஆடுகிறவனை, எத்தனை நாள் ஆடினாலும் ஜெயித்து லாபம் பார்க்க முடியாது. லிமிட் இல்லாத ஆட்டம் அதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. அதையும் யந்திரம் விடவில்லை. 2017-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் 'லிப்ராட்டஸ்' என்ற கம்ப்யூட்டர், இருபது நாள் உட்கார்ந்து 1,20,000 ஆட்டம் ஆடி, அதையே தொழிலாகக் கொண்ட நாலு பேரைத் தோற்கடித்தது. இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? இந்த ஆட்டத்தில் லாபம் எதிராளியின் பிசகிலிருந்துதான் வருகிறது. உங்கள் பிள்ளை சம்பாதிக்க வேண்டுமானால், தியாகராய நகர் மேஜையில் அவனைவிடப் பிசகுகிறவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் வாரா வாரம் பணத்தோடு வந்து கொண்டும் இருக்க வேண்டும்.

வருவார்களா? லிமிட் மேஜையில் தோற்கிறவர் மெள்ள மெள்ளத் தோற்கிறார். நடுநடுவே ஜெயித்து மகிழவும் செய்கிறார். அடுத்த வாரமும் வருவார். லிமிட் இல்லாத மேஜையில் ஒரே ராத்திரியில் துடைத்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வாரம் அப்படிப் போனவர் மூன்றாவது வாரம் வருவாரா? கடைசியில் மிஞ்சுகிறவர்கள் அனைவரும் கெட்டிக்காரர்கள். அவர்கள் நடுவில் போய்த்தான் பிள்ளை உட்காரப் போகிறான்!

அடையாறு மேஜையில் ஐந்தாறு மாதம் ஆடியும் சரிக்குச் சரி நின்றவன், லிமிட்டை எடுத்தவுடன் எப்படிச் சமர்த்தனாவான் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

சரி, அவன் சமர்த்தன்தான் என்றே வைத்துக்கொள்வோம். சமர்த்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. போக்கரில் கையில் இரண்டு ஏஸ் வருவதுதான் உத்தமமான ஆரம்பம். எதிராளியிடம் இரண்டு ராஜா. இருவரும் முதலிலேயே எல்லாப் பணத்தையும் நடுவில் தள்ளிவிட்டார்கள். யார் ஜெயிப்பார்? நூற்றுக்கு ஏறக்குறைய 82 தடவை ஏஸ்காரர். மற்ற தடவைகளில், ஒரு பிசகும் செய்யாத அந்த மனிதர் கையிலிருந்த அத்தனையும் தோற்றுவிட்டு எழுந்து போவார். அப்படி நாலைந்து சனிக்கிழமை தொடர்ந்து வந்தால்? அதனால்தான் இதையே தொழிலாகக் கொண்டவர்கள், போனால் குடும்பம் தாங்கும் என்ற பணத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். உங்கள் டெபாசிட் அப்படிப்பட்ட பணமா, சகோதரி? உடம்புக்கு ஒன்று வந்தால் எடுக்க வேறு பணம் இருக்கிறதா?

"அமெரிக்காவில் ஒருவன் 86 டாலரை இரண்டரை மில்லியன் ஆக்கினான்" என்று பிள்ளை சொல்லக்கூடும். வாஸ்தவம். 2003-ம் வருஷம் லாஸ் வேகஸ் நகரத்துப் பந்தயத்தில் ஜெயித்தவர் ஒரு கணக்குப்பிள்ளை. அவர் குடும்பப் பெயரே 'மணிமேக்கர்', அதாவது பணம் பண்ணுகிறவர்! அதற்குப் பிறகுதான் உலகமெங்கும் லிமிட் ஆட்டம் பின்னுக்குப் போய், லிமிட் இல்லாத ஆட்டம் முன்னுக்கு வந்தது. அன்று அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். ஊர் உலகம் ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு பெயரை!

இனி அந்த இலவசப் பிரியாணிக்கு வருகிறேன். கடிதத்தின் ஓரத்தில் சகோதரி ஒரு வரி எழுதியிருக்கிறார்: "வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்வாராம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த வரிதான்!

ஆறு பேர் ஆளுக்கு 10,000 கொண்டு வருகிறார்கள். மொத்தம் 60,000. ஒரு ஆட்டத்தில் சராசரியாக 1000 ரூபாய் நடுவில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் பங்கு 50. மணிக்கு முப்பது ஆட்டம் என்றால் 1500. ஐந்து மணி நேரத்துக்கு 7500. எட்டே சனிக்கிழமையில் 60,000! ஆறு பேர் கொண்டு வந்த பணத்துக்குச் சமமான தொகை வீட்டுக்காரரிடம் போய்விட்டது. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதெல்லாம் அப்புறம். உங்கள் பிள்ளையின் பங்கு வாரத்துக்கு 1250. ஒரு பைசா லாபம் பார்ப்பதற்கு முன்னால் மாதத்துக்கு 5000 ரூபாயை அவன் ஜெயித்தே ஆகவேண்டும். அந்தப் பிரியாணி எவ்வளவு விலை என்று பார்த்தீர்களா? புஹாரியில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டாலும் அவ்வளவு ஆகாது!

ஆக, லிமிட் ஆட்டமா, லிமிட் இல்லாத ஆட்டமா என்ற கேள்விக்கு என் பதில்: நிச்சயமான லாபம் கமிஷன் எடுக்கிறவருக்கு மட்டுந்தான். அவருக்கு ஏஸும் வேண்டாம், ராஜாவும் வேண்டாம். சிறிய லிமிட் ஆட்டத்தில் கமிஷன் எடுத்தாலோ கேட்கவே வேண்டாம். அங்கே சமர்த்துக்குக் கிடைக்கும் கொஞ்ச லாபத்தையும் அதுவே விழுங்கிவிடும். அடையாறு சிநேகிதர்கள் கமிஷன் எடுப்பதில்லையாம். அதனால்தான் பிள்ளையால் அங்கே சரிக்குச் சரியாவது நிற்க முடிந்தது.

இதில் சட்டமும் இருக்கிறது. 1967-ம் வருஷம் செகந்தராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் சுப்ரீம் கோர்ட், ரம்மி பெரும்பாலும் சாமர்த்திய ஆட்டம், மூணு சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் அல்ல என்று சொல்லிற்று. அதே தீர்ப்பில், ஆட்டம் நடத்துகிற வீட்டுக்காரரோ கிளப்போ அதிலிருந்து லாபம் சம்பாதித்தால் குற்றமாகலாம் என்றும் எச்சரித்தது. 2023 நவம்பரில் நம் சென்னை ஹைகோர்ட்டும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தமிழ்நாடு சர்க்கார் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. "பார்த்தாயா அம்மா, போக்கர் சாமர்த்திய ஆட்டம்!" என்று பிள்ளை சொல்லலாம். இருக்கட்டும். 2025-ம் வருஷத்துப் பார்லிமெண்டுச் சட்டம் சாமர்த்தியமா அதிர்ஷ்டமா என்று பார்க்கவில்லை. காசு கட்டி ஆன்லைனில் ஆடுகிறதா என்றுதான் பார்த்தது. தியாகராய நகர் வீட்டு வாசலில் ஒரு நாள் போலீஸ் வந்து நின்றால், அவர்களும் கமிஷன் எடுப்பது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டுக்காரரோடு உள்ளே இருந்தவர்களையும் வண்டியில் ஏற்றினால், உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளை மறுநாள் ஆபீஸில் என்ன சொல்வான்?

ஆகையால், சகோதரி, டெபாசிட்டை உடைக்க வேண்டாம். "சூதாட்டம் பாவம்" என்று சொல்லவும் வேண்டாம், அவன் சிரிப்பான். அவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேளுங்கள். பால் கணக்கு, பேப்பர் கணக்கு, இஸ்திரிக்காரர் கணக்கு என்று நாம் எழுதவில்லையா? அடையாறில் ஆடிய ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை கொண்டு போனான், எத்தனை கொண்டு வந்தான் என்று தேதி போட்டு எழுதிக் காட்டட்டும். ஞாபகத்திலிருந்து அல்ல. ஜெயித்தது ஞாபகம் இருக்கும். தோற்றது மறந்து போகும். அந்த நோட்டை அவன் மனைவியும் பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். லிமிட் இல்லாத ஆட்டம் என்கிறார்களே, அதற்கும் ஒரு லிமிட் உண்டு. ஆட்டம் நடக்கும்போது மேஜைமேல் வைத்திருக்கிற பணத்தைத்தான் கட்டலாம். நடுவில் ஜேபிக்குள் கைவிடக் கூடாது என்பது அந்த ஆட்டத்தின் பழைய விதி. அதை வீட்டுக்கும் விதியாக வைத்துக்கொள்ளட்டும். தன் சம்பளத்தில் மாதம் இவ்வளவு என்று ஒரு கவரில் போட்டு எடுத்துப் போகட்டும். தீர்ந்தால் எழுந்து வரட்டும். அந்தக் கவருக்குள் அம்மாவின் டெபாசிட்டும் குழந்தையின் ஸ்கூல் சம்பளமும் வரக் கூடாது.

என் மாமாவின் கதையை முடிக்காமல் விட்டேனே? மாமி அன்றைக்குச் சத்திரத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வளையலை மீட்டுக்கொண்டுவர மாமாவுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், ஜானவாசம் முடிந்ததும் மாமி ஒரு கைக்குட்டையில் எட்டு ரூபாய் முடிந்து மாமாவிடம் கொடுப்பாள். ஒரு ஃபுல் கவுண்ட். பாக்கிப் பணமெல்லாம் மாமியின் இடுப்பில். மாமாவும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவார். கடைசிக் காலம்வரை ரம்மி ஆடினார். பல நாள் கைக்குட்டை முடிச்சை அவிழ்க்காமலே திரும்பி வந்திருக்கிறார்.

மயிலாப்பூர்ச் சகோதரியே, நோட்டுக் கணக்கு என்ன சொல்லிற்று என்று எனக்கு எழுதுங்கள். மற்றச் சகோதரிகளும் தங்கள் வீட்டுக் கைக்குட்டையில் எத்தனை முடிகிறார்கள் என்று எழுதலாம்.